பூபதி இந்தக் கதையில் கேட்ட வசதிகள்

1

இந்தக் கதை ஒரு கால் கட்டைவிரலில் தொடங்கியது. பெரிய தரிசனம் எதையும் எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னியுங்கள்.

மார்கழிக் கடைசியில் ஒரு மதியம் மலைமேல் செம்மேட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் செய்தி வந்தது: உங்கள் பார்சல் சேர்க்கப்பட்டுவிட்டது. கூடவே அத்தாட்சிக்கு ஒரு படம். நான் வரவழைத்திருந்த முதுகு மெத்தை அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பெட்டிக்கு அடியில் சாமை வைக்கோல். பக்கத்தில், கல்யாண வீட்டு போட்டோவில் கூப்பிடாமலே வந்து நிற்கிற சொந்தக்காரர் மாதிரி, ஒரு வெறுங்கால். அதன் கட்டைவிரல் மட்டும் சற்றே நிமிர்ந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? நான் கதை எழுதுகிறவள். சேலத்தில் வீடு. ஒரு நாவலை முடித்துவிட்டுத்தான் மலையை விட்டு இறங்குவேன் என்று சபதம் போட்டு, அரியூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) சென்னம்மாள் வீட்டுப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். நாவல் முடியவில்லை. முதுகு முடிந்துவிட்டது. அதனால்தான் மெத்தை.

கால் பூபதியுடையது. ஊர் முள்ளுக்குறிச்சி. சேந்தமங்கலத்தில் இருக்கிற பார்சல் குடோனில் காலையில் குட்டியானை வண்டியை நிரப்பிக்கொண்டு, அடிவாரத்துக் காரவள்ளி வழியாக மலையேறி, நாடு நாடாகக் கொடுத்துவிட்டு இறங்குவார். ஒன்பது வருசமாக இதே வேலை. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் வழக்குப் போட்டால் வக்கீலைக்கூட நான் பார்சலில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கால் ஏன் வெறுங்காலாக இருந்தது என்பதுதான் கதை. ஆனால் அதற்கு முன்னால் கதையைத் தொடங்க வேண்டுமே.

2

முதல் தொடக்கம்:

"எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு அந்தப் பாதை ஒரு மலைப்பாம்பைப் போல"

நிறுத்திவிட்டேன். மலைப்பாதையை மலைப்பாம்பு என்று எழுதாத ஆள் நாமக்கல் மாவட்டத்தில் யாரும் மிச்சமில்லை.

இரண்டாவது தொடக்கம்:

"பூபதியின் கண்களில் ஒன்பது வருடச் சோகம் உறைந்திருந்தது. பொதிமாடு போல அவன்"

இதைப் பூபதியிடமே படித்துக் காட்டினேன். சென்னம்மாளுக்குக் குக்கர் வளையம் கொண்டுவந்திருந்தார். என் அறைப் படியில் நின்றபடியே கேட்டார். படித்து முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க்கா, என்னைய எதுக்குங்க அழுமூஞ்சியா எழுதியிருக்கறீங்க? என்ற ஊட்டுக்காரி படிச்சான்னா, மலைக்குப் போயி எவகிட்ட அழுதுட்டு வந்தேன்னு கேப்பாளுங்க."

"சரி, மாத்திடறேன்."

மூன்றாவது தொடக்கம்:

"பூபதி ஆனந்தமான மனிதர். விசிலடித்தபடியே வளைவுகளைக் கடப்பார். ஒவ்வொரு பார்சலும் அவருக்கு ஒரு"

"அய்யய்யோ, இது அதவிட மோசமுங்க" என்றார். "இதப் படிச்சாங்கன்னா ஆபீசுல இன்னும் ஒரு சாக்குப் பார்சலு சேத்து ஏத்தி உட்டுருவாங்க."

ஆகவே நான்காவது தொடக்கம், இருவரும் ஒப்புக்கொண்டது: "பூபதி பார்சல் கொண்டுவருகிறவர்." இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.*

* இரண்டாவது தொடக்கத்தில் 'அவன்' என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். டிரைவரை எழுதும்போது கை தானாக 'அவன்' என்று போகிறது. மேனேஜரை எழுதினால் 'அவர்' என்று குழைகிறது. கையைத் தட்டி வைத்திருக்கிறேன். எங்காவது திரும்பவும் நழுவினால் நீங்களும் தட்டுங்கள்.

3

தொடக்கம் முடிவானதும் பூபதி போகவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கதைதானுங்களேக்கா?"

"ஆமா."

"அப்ப அதுல என்ன வேணும்னாலும் வெக்கலாமில்லீங்க? செலவா ஒண்ணா?"

வெக்கலாம் என்றேன், பெரிய மனசோடு. அவர் என் நாற்காலியை எட்டிப் பார்த்தார்.

"உங்குளுக்குக் கொண்டாந்தனில்லீங்க, அந்த முதுகு மெத்தை. கதையில என்ற வண்டிக்கும் ஒண்ணு போட்டு உடுங்க. எறங்கறப்ப எடது காலு மரத்துப் போயி, ஊணுனா தரையே தெரிய மாட்டேங்குது."

உடனே எழுதினேன்: பூபதியின் வண்டி சீட்டில் நல்ல முதுகு மெத்தை ஒன்று இருந்தது.

"செவப்புலைங்க" என்றார். சிவப்பு முதுகு மெத்தை ஒன்று இருந்தது.

அடுத்து கக்கூஸ் கேட்டார். காரவள்ளியை விட்டுக் கிளம்பினால் மேலே வந்து சேர்கிற வரைக்கும் எதுவும் கிடையாது. "எனக்குன்னா பரவால்லீங்க, ஆம்பள. போன வருசம் கவிதான்னு ஒரு புள்ள இந்த லைனுக்கு வந்துது. என்னையவிட நல்லா ஓட்டும். தண்ணியே குடிக்காம ஓட்டுச்சு. நாலஞ்சு நாள்ல ஒடம்புக்கு முடியாமப் போயி நின்னுக்கிச்சு. அதுக்காகக் கேக்கறனுங்க."

இதை எழுதாமல் இருக்க முடியுமா? முப்பத்தைந்தாவது வளைவில் ஒரு கழிவறை கட்டினேன். தாழ்ப்பாள் வைத்தேன். குழாயில் தண்ணீரும் வரவழைத்தேன். இது யதார்த்தவாதக் கதை அல்ல என்பதை விமர்சகர்கள் அந்த இடத்தில் புரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது கோரிக்கை கொஞ்சம் சிக்கல். "ஆப்புக்கு மலை தெரியாதுங்க" என்றார். இந்த மேட்டில் நின்றால் எதிர் மேட்டில் ஒருவர் பல் விளக்குவது தெரியும். ஆனால் அங்கே போக வேண்டுமானால் பள்ளத்தில் இறங்கி, சுற்றி, ஏறி, அவர் பல் விளக்கி, சாப்பிட்டு, காட்டுக்கே போன பிறகுதான் போய்ச் சேர முடியும். ஆப் காக்கை பறக்கிற நேர்கோட்டுத் தூரத்தை வைத்து நேரம் போடுகிறது. பூபதி தினமும் லேட். "கதையில ஆப்புக்கு மலையக் காட்டிக் குடுத்துருங்க்கா."

மறுத்துவிட்டேன். "அது நம்பற மாதிரி இருக்காது பூபதி. கதைன்னாலும் ஒரு யதார்த்தம் வேணுமில்லையா?"

"செரிங்க" என்றார்.

கடைசியாக ஒரு துணையாள் கேட்டார். கிரைண்டர், இரும்புக் கட்டில் எல்லாம் தனியாளாக இறக்க வேண்டியிருக்கிறது. ஒரு கை பிடிக்க ஆள் இருந்தால் போதும்.

அதற்கும் மறுத்தேன். வண்டியில் இன்னொரு ஆள் உட்கார்ந்தால் இருவரும் பேசிக்கொண்டே வருவார்கள். தனிமை போய்விடும். "கதைக்குத் தனிமை வேணும், பூபதி. வாசகர்களுக்குப் பிடிக்கும்."

"நானு கல்லு மாதிரி கனக்கற கிரைண்டரத் தனியாத் தூக்கறது அவுங்களுக்குப் புடிக்குமுங்களா?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் மறுபடியும் "செரிங்க" என்றார். ரொம்பப் பழகிய 'செரிங்க' அது.*

* நிஜத்தில் பூபதியின் வண்டியில் மெத்தை கிடையாது. தகரத்தின் மேல் ரெக்சின், அதுவும் கிழிசல். மெத்தை இருப்பது என் நாற்காலியில். அதில் சாய்ந்துகொண்டுதான் அவருக்குக் கதையில் மெத்தை வழங்கினேன்.

4

இந்தப் பகுதியில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று முதலிலேயே திட்டமிட்டிருந்தேன். ஒன்பது வருசம் ஒரே வேலை. பிடித்திருக்கிறதா? கேட்டால் கட்டுரை மாதிரி ஆகிவிடும் என்ற பயம் வேறு. சரி, ஆகட்டும் என்று கேட்டுவிட்டேன்.

பூபதி அன்று அவசரத்தில் இல்லை. எதிர் மேட்டு வீடு பூட்டியிருந்ததால் கொஞ்சம் நேரம் மிச்சம். படியில் உட்கார்ந்தார்.

"பார்சலுக்கு இவ்வளவுன்னுதானுங்க கூலி. நாமக்கல்ல மாடிப்படி ஏறிக் குடுத்தாலும் அதே கூலி, இங்க மலையேறிக் குடுத்தாலும் அதே கூலி. மலை லைன யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க. எனக்கு மட்டும் எதுக்கோ ஒட்டிக்கிச்சு."

"எதுக்கு ஒட்டிக்கிச்சு?"

"கீழ டவுன்ல குடுத்தமுன்னா, கதவு இத்தன தெறக்கும்." விரலிடுக்கில் காட்டினார். "ஒரு கையி வரும். பார்சல இழுத்துக்கும். கதவச் சாத்திக்குவாங்க. உள்ள என்னதான் இருந்துச்சுன்னு நமக்குச் சாகற வரைக்கும் தெரியாதுங்க."

"இங்கே?"

அவர் முகம் மாறியது. இதற்கு நான் நல்ல வாக்கியம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன், போகட்டும். சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

மலையில் பார்சலை வாங்கி யாரும் உள்ளே கொண்டுபோவதில்லை. கொண்டுவந்தவர் எதிரிலேயே பிரிப்பார்கள். பிரித்து, "நல்லாருக்குதா பாத்துச் சொல்லு" என்பார்கள். சொல்லாமல் போகவிட மாட்டார்கள். சேலை நிறத்தில் இருந்து டார்ச் லைட் வரைக்கும் அரியூர் நாட்டில் பூபதியின் தீர்ப்புதான் கடைசித் தீர்ப்பு. சுடிதார் ஒன்று நல்லாயில்லை என்று அவர் சொல்லி, அது அப்படியே திரும்பிப் போயிருக்கிறது. மிக்சியைப் போட்டுக் காட்டச் சொல்லி, அவரே தேங்காய்ச் சட்னி அரைத்து, தோசையோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

"போன ஐப்பசியில ஒரு அண்ணனுக்குக் காது மிசினு வந்துது. பிரிச்சு மாட்டி உட்டேன். அவரு பாட்டுக்கு எந்திரிச்சு நின்னுக்கிட்டாரு. சேவலு கூவுதுன்னு சொன்னாரு. சேவலு கூவுதுன்னு நாலு தடவ சொன்னாருங்க." பூபதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆப்புல பாத்தா, அந்த நேரம் பூரா நானு சும்மா நின்னுட்டிருந்தேன்னு வரும். வண்டி நவுரலையில்ல."

ஜாலியாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்த கதையில் இது சரிப்படாது. அடுத்த பகுதிக்குப் போகலாம்.

5

இப்போது கட்டைவிரல் விஷயம்.

டெலிவரிக்குப் போகிறவர்கள் ஷூ போட வேண்டும் என்று கம்பெனி விதி கொண்டுவந்தது. நல்ல விதி. எங்கேயோ செருப்போடு போன யாரோ வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதால் வந்த விதி. ஷூவையும் கம்பெனியே கொடுத்தது. ஆனால் போடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதனால், கொடுக்கும்போது எடுக்கிற படத்தில் பார்சல் தெரிய வேண்டும், பக்கத்தில் ஷூவும் தெரிய வேண்டும். அதையும் வாங்குகிறவர் நிற்கிற இடத்திலேயே எடுக்க வேண்டும். படத்தை மனிதர்கள் பார்ப்பதில்லை. எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் பார்க்கிறது. அதற்கு ஷூ தெரியும். களம் தெரியாது.

களம் என்றால், சென்னம்மாள் வீட்டுக்கு மேலே இருக்கிற அகலப் பாறை. அறுப்புக் காலத்தில் வீடெல்லாம் பூட்டிக் கிடக்கும். சனம் பூராவும் களத்தில்தான். சாமையும் கேழ்வரகும் அடித்துத் தூற்றிக் குவிக்கிற இடத்தில் யாரும் செருப்புக் காலோடு ஏறமாட்டார்கள். சோறு விளைகிற நிலத்தைவிட, சோறு குவிகிற பாறைக்கு மரியாதை அதிகம். அதே மாதிரி, தூற்றிய தானியப் பொலி குவிந்திருக்கும்போது களத்துக்கு வந்தவரை மேலே கூப்பிடாமல் விடுவதும் இல்லை, வெறுங்கையோடு அனுப்புவதும் இல்லை. கூப்பிட்டும் ஏறாமல் போனால் அந்தத் தானியத்தையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

பூபதி ஒன்பது வருசமாக ஏறுகிறவர். ஷூவைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறினார், விதிப்படி அங்கேயே படம் எடுத்தார். கம்ப்யூட்டர் வெறுங்காலைப் பார்த்தது. முதல் எச்சரிக்கை.

இரண்டாவது முறை, நான் இல்லாததால் என் மெத்தையைச் சென்னம்மாளிடம் கொடுக்க வந்தபோது, படத்தில் ஷூ தெரிந்தால் போதும் என்று புத்திசாலித்தனமாக லேஸை முடிச்சுப் போட்டு ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினார். சென்னம்மாள் முறத்தைக் கீழே போட்டாள். "அட கருமமே, செருப்ப மாலையாட்டம் போட்டுக்கிட்டுக் களத்துல வந்து நிக்கறயே சாமி! எறக்கு அத!" இறக்கினார். பிறகு எடுத்ததுதான் செம்மேட்டில் எனக்கு வந்த படம். இரண்டாவது எச்சரிக்கை.

மூன்றாவது வந்தால் ஐடி பிளாக். ஐடி பிளாக் என்றால், மறுநாள் காலையில் குடோனுக்குப் போனால் அவர் பெயருக்கு ஒரு பார்சல்கூட வராது. ஒன்பது வருசமும் ஒரு விரலில் முடிந்துவிடும்.

குடோன் இன்சார்ஜ் சந்தோஷ்குமார் சின்ன வயசுக்காரன். (தட்டுங்கள் என் கையை. சின்ன வயசுக்காரர்.) கெட்டவர் இல்லை. பூபதிக்காக மேலே எழுதிக்கூடப் போட்டிருக்கிறார். "எனக்குப் புரியுதுங்கண்ணா, ஆனா சிஸ்டத்துல 'களம்'னு ஒரு காரணம் கெடையாதே" என்று பதில் சொன்னாராம். அவர் ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்: நாமக்கல் டவுன் லைன். சமதளம். அடுக்குமாடி வீடுகள். காலையில் போட்ட ஷூவைச் சாயங்காலம் கழற்றினால் போதும். "மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்கண்ணா."

வில்லன் யாராவது கிடைப்பார்களா என்று நானும் தேடிப் பார்த்தேன். ஒருத்தரும் தேறவில்லை.

6

இந்தக் கதையில் இதற்கு ஒரு பகுதி ஒதுக்க நான் நினைக்கவில்லை. மணிமேகலைதான் போன் பண்ணி ஒதுக்க வைத்தாள். பூபதியின் மனைவி.

"அக்கா, வணக்கமுங்க. எங்கூட்டுக்காரரப் பத்திக் கதை எழுதறீங்களாமா?"

"ஆமாங்க."

"கடைசியில நாமக்கல் லைன வாங்கிக்கிட்டாருன்னு முடிச்சுப் போடுங்க. நீங்க எழுதுனாலாவது புத்தி வருதான்னு பாப்பம்."

அவர் அங்கே சந்தோஷமாக இருப்பாரா என்று கேட்டேன். எழுத்தாளர்கள் கேட்கிற கேள்வி.

"ராத்திரிக்கு அவரு முதுகுல தைலம் தேய்க்கறது நானுங்க்கா. எடது காலக் கிள்ளுனா அவருக்குத் தெரியறதில்லீங்க. அந்தக் காலுலதான் கிளட்ச்ச மிதிச்சு மலையெறங்கறாரு. சந்தோசமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், ஆளு முழுசா இருந்தா."

அவள் சொன்னதற்கும் பூபதி சொன்னதற்கும் நடுவில் நான் எங்கே நிற்பது? இரண்டும் நிஜம். நான் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன், ஆனால்

7

முடிவுகள்.

(அ) பூபதி நாமக்கல் போகிறார். முதுகு தேறுகிறது. கதவுகள் விரலிடுக்கு அளவு திறக்கின்றன. ஒரு நாள், மூன்றாவது மாடியில், சாத்திய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறார், உள்ளே அட்டைப்பெட்டி கிழிபடும் சத்தம் கேட்டுக்கொண்டு. (இதை எழுதிவிட்டு எனக்கே பிடித்துப்போய் இரண்டு முறை படித்தேன். அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டும்.)

(ஆ) மூன்றாவது பார்சல் களத்துக்கு வருகிறது. பூபதி வெறுங்காலோடு ஏறுகிறார். ஐடி பிளாக். மலையே திரண்டு குடோனுக்குப் போகிறது. (மலை திரளாது. அறுப்பு நேரம், எல்லாருக்கும் வேலை இருக்கிறது.)

(இ) கம்ப்யூட்டர் திருந்துகிறது.

மூன்றையும் பூபதியிடம் படித்தேன். (அ)வுக்கு "மணிமேகலை சொல்லிக் குடுத்ததுங்களா?" என்றார். (ஆ)வுக்கு உச்சுக்கொட்டினார். (இ)க்கு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. பிறகு அவராகவே சொன்னார்:

"ஒண்ணு பண்ணுங்க்கா. அந்த மெத்தையத் திருப்பி எடுத்துக்குங்க. கக்கூசு கவிதாவுக்காக இருக்கட்டும். எனக்கு வேற எதுவும் வேண்டாம். ஒரு தடவ களத்துல ஏறி, அவிங்க பிரிக்கறதப் பாத்துட்டு, நல்லாருக்குதுன்னு சொல்லீட்டு வாரேன். அந்த நேரத்த யாரும் கணக்கெடுக்காம இருக்கோணும். படமும் வேண்டாம். அப்பிடி எழுத முடியுங்களா?"

"அது கதையாகாதே, பூபதி. மூணாவது படம் வந்தாத்தானே கதை நகரும்? கதைக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு. அதுல இதுக்கு இடமில்லை."

பூபதி கோபப்படவில்லை. "எங்க சந்தோசுத் தம்பியும் இதேதானுங்க சொல்லுது" என்றார். "எல்லாரும் புரியுதுன்னுதான் சொல்றீங்க. எடந்தான் இல்லீங்கறீங்க."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆப்புக்கு மலையைக் காட்ட மறுத்ததும், கிரைண்டர் தூக்க ஆள் கொடுக்க மறுத்ததும் யார்? சம்பளமே இல்லாமல் நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறேன்.

8

ஆறாம் பகுதியில் பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்கலாம் என்று இன்று காலை உட்கார்ந்தேன். வளைவில் ஹார்ன் கேட்டது. பூபதியின் ஹார்ன். மாசக் கடைசிக்கு இன்னும் ஓரிரு நாள்தான் இருக்கிறது. நாமக்கல்லுக்கு அவர் இன்னும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

களத்தில் கேழ்வரகுப் பொலி குவிந்திருக்கிறது. சென்னம்மாளும் அவள் கணவர் அருணாசலமும் காலையில் இருந்து மேலேதான் இருக்கிறார்கள். வந்திருப்பது சென்னம்மாளுக்கு ஒரு சேலை. மகள் இளமதியின் நிச்சயத்துக்குக் கட்டப்போகிறாள். போனில் பார்த்தபோது மயில் கழுத்து நிறம். நேரில் என்ன நிறம் என்று பெட்டிக்குத்தான் தெரியும். ஆக, மூன்றாவது பார்சலை நான் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் அது தானாகவே வந்துவிட்டது.

நான் போகும்போது நாற்காலியில் இருந்து முதுகு மெத்தையை எடுத்துக்கொண்டு போய் வண்டி சீட்டில் வைத்தேன். இது கதையில் வைத்த மெத்தை இல்லை. நிறம் சாம்பல். அதற்கு ஏதாவது சொல்வார்.

பூபதி பாறைக்குக் கீழே பார்சலோடு நிற்கிறார். காலில் ஷூ.

"அங்கயே நின்னுக்கிட்டா எப்பிடி சாமி?" மேலே இருந்து சென்னம்மாள். "ஏறி வா. வந்து நெறத்தப் பாத்துச் சொல்லு. எங்கூட்டுக்காரருக்கு எதக் காட்டுனாலும் பச்சைம்பாரு."

அருணாசலம் சிரித்துக்கொண்டே முறத்தில் தானியம் அள்ளுகிறார். அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் பூபதியிடம் மெதுவாகச் சொன்னேன்: "நான் வாங்கிக்கறேன். சென்னம்மா அங்க இருந்தே ஓடிபி சொல்லட்டும். ஷூவோட படம் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. ஒரு பிரச்சினையும் இல்லை."

"அதும் செரிதானுங்க" என்றார். பழகிய 'செரிங்க' இல்லை இது. மேலே பார்த்தார். கீழே ஷூவைப் பார்த்தார். இடது காலை ஒருமுறை ஊன்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு, கேமரா திறந்தபடியே போனை என்னிடம் நீட்டினார்.

"இதச் சித்தப் புடிங்க்கா."

பார்சலைப் பாறைமேல் வைத்துவிட்டுக் குனிந்தார். கை லேஸின் மேல் இருக்கிறது. அவிழ்க்கக் குனிந்தாரா, தளர்ந்ததை இறுக்கிக் கட்டக் குனிந்தாரா என்று நான் நிற்கிற இடத்தில் இருந்து தெரியவில்லை. தெரிந்தாலும் எழுதப் போவதில்லை.

அவர் கேட்டவற்றில் என்னால் நிஜமாகவே கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான். அடுத்த வாக்கியத்தை எழுதாத வரைக்கும் படம் இல்லை. படம் இல்லாத வரைக்கும் எச்சரிக்கை இல்லை. லேட் இல்லை, மாசக் கடைசி இல்லை, மணிமேகலைக்கு மறைக்க வேண்டிய செய்தி இல்லை. எந்தக் கம்ப்யூட்டரும் பார்க்காத இந்த இடத்தில் பூபதி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குனிந்திருக்கலாம்.

ஆனால் நான் சபதத்தை விட்டுவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்க வேண்டும். போனை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். ஆகவே, இந்தாருங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். கேமரா திறந்துதான் இருக்கிறது. எதைப் படத்தில் காட்டுவது, எதை விடுவது என்பது இனி உங்கள் பாடு. உங்கள் வீட்டுக் கதவு பார்சல் வரும்போது எவ்வளவு திறக்கும் என்பதையும் ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள்.

அவசரம் ஒன்றும் இல்லை. சென்னம்மாள் இன்னும் சேலையைப் பிரிக்கவில்லை.